எல்லாவற்றுக்கும் ஓம்

எங்கள் மண்டூர் முருகன் கோவிலில் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். கதிர்காமத்து வழக்கம் அது. அங்கே பேசுவது மணியும் கையசைவும்தான். வாயைக் கட்டினால் கண் எவ்வளவு கூர்மையாகும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவேதான், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓர் ஓவியரை அடையாளம் காண முயன்ற நாலு பேரின் கதை என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது.

1957 ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயோர்க்கிலிருந்து சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'வாட்ஸ் மை லைன்?' நேரடியாக ஒளிபரப்பாகிறது. 1950 தொடக்கம் 1967 வரை ஓடிய நிகழ்ச்சி. வந்திருப்பவரின் தொழில் என்ன என்பதை நாலு பேர் கொண்ட குழு கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். பதில் ஓம் அல்லது இல்லை. பத்து 'இல்லை' விழுந்துவிட்டால் வந்தவருக்கு வெற்றி. கடைசியாகப் பிரபலம் ஒருவர் வருவார். அப்போது மட்டும் கேட்பவர்களின் கண்களை மூடிவிடுவார்கள். அன்று வந்தவர் சல்வடோர் டாலி.

குருமண்வெளித் துறையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்திருந்த ஒரு பின்னேரம் இதைக் கைபேசியில் முதன்முதலாகப் பார்த்தேன். பாதை கரைக்கு வந்து, சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஏறி முடித்த பிறகும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வடமோடிக் கூத்தைப் பார்த்துப் பழகியவர்கள் வரவை வைத்தே ஆட்டக்காரனை எடைபோட்டுவிடுவார்கள். கட்டியகாரன் முன்னால் வந்து ராசா வருகிறார் என்று சொல்லிப் போவான். பிறகு ராசா களரியில் இறங்கி, மத்தளத்துக்கு ஆடி, தான் இன்னார் என்று தானே பாடுவார். அந்தச் சில நிமிடங்களில் கால் தளர்ந்தால் விடியும்வரை ஆடியும் பயனில்லை. டாலி வந்து, பலகையில் தன் பெயரைப் பெரிதாக எழுதி, நெஞ்சை நிமிர்த்திப் போய் அமர்ந்தாரே, அது தேர்ந்த ஆட்டக்காரனின் வரவு. இப்படி வரும் பிரபலங்களில் பலர் குரலை மாற்றிப் பேசித் தப்பப் பார்ப்பார்கள். டாலியோ தன் கற்றலான் உச்சரிப்பு கனக்க, ஒரே ஒரு சொல்லால் ஆட்டத்தை நடத்தினார்: ஓம்.

மேடையில் தோன்றுபவரா என்று கேட்டார்கள். ஓம். கதாநாயகனா? அதற்கும் ஓம். எழுத்தாளரா? ஓம். விளையாட்டுத் துறையோடு தொடர்புண்டா? ஓம்! கேட்பவர்கள் திசைமாறித் திண்டாட, நடத்துநர் ஜோன் டேலி குறுக்கிட்டு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த மனிதர் செய்யாதது எதுவுமே இல்லையா என்ற தொனியில் குழுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

இதைக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. எழுத்தாளர் என்று அவர் சொன்னதில் பொய் ஏது? 1942-ல் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1944-ல் ஒரு நாவலும் வந்தது. மேடைக்காரர் என்பதிலும் பொய்யில்லை. 1936-ல் லண்டன் கண்காட்சியில் ஆழ்கடல் சுழியோடியின் உடுப்போடு பேச வந்து, தலைக்கவசத்துக்குள் மூச்சுத் திணறித் தப்பியவர் அவர். ஹிட்ச்கொக்கின் 1945 படம் ஒன்றுக்குக் கனவுக் காட்சி அமைத்தவரும் அவரே. விளையாட்டுத் துறைக்குத்தான் என்னிடம் சான்று இல்லை. அந்த ஒரு ஓமை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

அவர் 1937-ல் தீட்டிய ஓர் ஓவியம்: குளக்கரையில் மூன்று அன்னங்கள், பின்னால் இலையுதிர்ந்த மரங்கள். தண்ணீரில் விழும் நிழலைப் பார்த்தால், அன்னத்தின் கழுத்துத் தும்பிக்கையாகிறது, சிறகு காதாகிறது, மரம் யானையின் உடலும் காலுமாகிறது. அன்னமா, யானையா? கேட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் ஓம் என்கிறது அந்தப் படம். ஒரே கோடு இரண்டு உருவங்களுக்கும் உண்மையாக இருக்க வேண்டும். எந்த இடத்திலும் ஒன்றுக்காக மற்றொன்றை வளைத்துவிடக் கூடாது. அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! காலையில் எங்கள் வாவிக்கரையில் பட்ட மரத்தின் நிழல் அசையும்போது எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வரும். யானை வயலுக்குள் இறங்கும் ஊர்களைச் சேர்ந்தவர்கள் நாங்கள். நிழலில் யானையைக் காண்பது எங்களுக்குக் கடினமில்லை.

தூரிகையால் செய்ததையே அன்றிரவு அவர் வாயாலும் செய்தார் என்றுதான் நான் எண்ணுகிறேன். ஒருவன் ஒரே ஒரு தொழிலுக்குள் அடங்க வேண்டும் என்பதே அந்த விளையாட்டின் விதி. ஒவ்வொரு ஓமும் அவருக்குள் இருந்த இன்னோர் உருவத்தை வெளியே காட்டிற்று.

கடைசியில் யாரோ மீசையைப் பற்றிக் கேட்டார்கள். பேர் பெற்ற மீசையா? இந்த ஓமுக்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பெயர் வெளியே வந்தது, கண்மறைப்புகள் கழன்றன. கன்னத்திலிருந்து மேல்நோக்கி முறுக்கிய அந்த இரண்டு கூர்முனைகளும் கூத்து ராசாவுக்கு மையால் எழுதிய மீசை போலவே இருந்தன.