பி.டி. பீரியட் யாருக்குச் சொந்தம்?

எட்டாம் வகுப்பில் எங்கள் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். பி.டி. வாத்தியாருக்குப் பிரேயரில் வரிசையைச் சரிசெய்வதுதான் வேலை. அவர் என்ன படித்திருப்பார் என்று யோசித்ததே இல்லை.

சமீபத்தில் தேடிப் பார்த்தேன். ஹாரி குரோ பக் 1920ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இன்றைய பி.பி.எட். இரண்டு வருடப் படிப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல் எல்லாம் உண்டு.

இவ்வளவு படித்தவருக்குச் சட்டம் தரும் இடம்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்கு ஆள் கேட்கிறது. அதுவும் பகுதிநேரம். அப்படி 2012ல் தமிழ்நாட்டில் எடுத்தவர்களுக்கு வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய்.

பயிற்சி போதாது என்று குறை சொல்வது சுலபம். படித்ததைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு பீரியட் எங்கே இருக்கிறது?

நாற்பதைத் தாண்டி, முதுகுவலியோடு, எப்படிக் குனிந்து பாரம் தூக்குவது என்று பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். பதிமூன்று வயதில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய பாடம். கணக்கு வாத்தியார்மேல் கோபமில்லை. அந்தக் கணக்குதான் வேலை வாங்கித் தந்தது. முதுகுக்குத்தான் இப்போ ஃபீஸ் கட்டிக்கிட்டிருக்கேன்.