யாருக்கு அக்கறை?

முன்பள்ளி ஆசிரியைகளின் சோர்வுக்கு மூச்சுப் பயிற்சியையும் மனமகிழ்ச்சிப் பட்டறையையும் மருந்தாகக் கூறுவோர் இன்று பலர். அவர்களைக் கேட்கும்தோறும், ஐக்கிய அமெரிக்காவில் மார்சி வைற்புக் முதலியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வறிக்கையை நாம் மீண்டும் எடுத்துப் படிக்கிறோம். "யாருக்கு அக்கறை?" என்பது அதன் தலைப்பு. பராமரிப்பவர் யார் என்றும், எவர்தான் கவலைப்படுகிறார் என்றும் ஆங்கிலத்தில் ஒருங்கே பொருள்படும் அத்தலைப்பிலேயே சினம் தொனிக்கின்றது.

ஐந்து நகரங்களில் 227 குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை ஆராய்ந்த அவ்வறிக்கை கண்டது யாது? சராசரி ஊதியம் மணிக்கு 5.35 டொலர். ஓராண்டில் வேலையை விட்டு நீங்கியோர் நூற்றுக்கு 41 பேர். அவர்கள் நீங்கியமைக்குத் தலையாய காரணம் குறைந்த ஊதியமே. ஆசிரியைகள் அடிக்கடி மாறிய நிலையங்களில் பிள்ளைகளின் மொழி வளர்ச்சியும் கூடிப் பழகும் திறனும் பின்தங்கின. கூலியைக் குறைத்தவன் ஆசிரியையின் வயிற்றில் மட்டும் கைவைக்கவில்லை. குழந்தையின் நாவிலும் கைவைத்தான்.

1981இல் கிறிஸ்ரினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட வினாக்கொத்தோ உள்ளச் சோர்வையும், பிறர்பால் உணர்வு வறள்வதையும், தொழிலில் நிறைவின்மையையும் அளந்தது. பயனுள்ள கருவிதான், நாளெல்லாம் வகுப்பில் நிற்கும் நாம் அதனை மறுக்கமாட்டோம். ஆயினும் சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு வினாவேனும் இல்லை. உள்ளத்தை மட்டும் அளந்தவர் உள்ளத்துக்கே மருந்து தேடுவதில் வியப்பென்ன? உலக சுகாதார நிறுவனமே 2019இல் இச்சோர்வை நோயென்று கொள்ளாது, தொழில்சார் நிலையென்றே வகுத்தது.

2014இல் வைற்புக் குழுவினர் மீண்டும் ஓர் அறிக்கை எழுதினர். மதிப்புக்குரிய தொழில், இன்னமும் வாழப் போதாத கூலி என்பதே அதன் தலைப்பின் பொருள். இடையிற் கழிந்தவை 25 ஆண்டுகள்.