சிங்க முற்றத்துக் கஸீதா

தென் ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையில் வெயில் காய வரும் விடுமுறைப் பயணிகள், மாலகாவிலிருந்து ஒருநாள் கிரனாடா சென்று அல்ஹம்ரா மாளிகையையும் கண்டு திரும்புவர். சுவர்களிலுள்ள அரபெழுத்தைப் பூவேலையென்றெண்ணிப் படமெடுப்போரே மிகுதி. அவற்றுள் கவிதையும் உண்டு. கவிதையாகவே அதனை எடைபோடவும் வேண்டும்.

சிங்க முற்றத்து நீர்த்தொட்டியின் விளிம்பில் இப்னு ஸம்ரக் (1333–1393) இயற்றிய 12 பைத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஓடுவது நீரா, பளிங்கா என்று கண் மயங்குவதை அவர் பாடுமிடம் உயர்ந்த கவிதை. படிப்பவன் எதிரே அந்நீரே ஓடுகிறது. உவமைக்கு வேறு சான்று எதற்கு? ஏட்டில் படித்தால் இச்சுவையிற் பாதி போய்விடும். ஆனால், சிங்கங்களுக்கு நீர் வார்க்கும் மேகத்தைப் போர்வீரர்க்குக் கொடை வார்க்கும் சுல்தானின் கையோடு ஒப்பிட்டதும் கவிதை தளர்கிறது. கொடையை மழையாக்குவது அரபுப் புகழ்ப்பாக்களில் தேய்ந்துபோன தடமன்றோ!

இன்னொன்றும் உண்டு. தம் உஸ்தாது இப்னுல் கதீபுக்கு எதிரான வழக்கில் முன்னின்றவர் இக்கவிஞரே. 1374இல் உஸ்தாது பாஸ் நகரச் சிறையில் கொல்லப்பட்டபோது, அவர் வகித்த அமைச்சர் பதவியில் மாணவர் அமர்ந்திருந்தார். அதனால் பாவையும் தள்ளிவிடலாமா? கூடாதென்பதே என் கருத்து. நீரைப் பாடிய அடிகள் நிற்கும். அரசனைப் புகழ்ந்த அடிகளை அம்மாளிகைச் சுவர்களே மறுத்துவிடுகின்றன: "அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை" என்னும் நஸ்ரிய அரசர்களின் வாசகம் அங்கே எண்ணிறந்த இடங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. குர்ஆன் ஓதத் தெரிந்த எவரும் அதனை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம், வழிகாட்டி வேண்டியதில்லை.