வீடு பார்த்தல்

ஒரே ஊரைப் பற்றிய ஒரு புஸ்தகத்தையும் ஒரு சினிமாவையும் சமீபத்தில் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தேன். புஸ்தகம், ஆண்ட்ரூ பிளெக்மன் என்கிற பத்திரிகையாளர் 2008-இல் வெளியிட்ட 'லெஷர்வில்'. சினிமா, லான்ஸ் ஓபன்ஹைம் என்கிற இளைஞர் எடுத்து 2020-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'சம் கைண்ட் ஆஃப் ஹெவன்'. கதைப்படமல்ல, உண்மை மனிதர்களைப் பின்தொடர்ந்து எடுத்த படம். புஸ்தகத்தில் பெரும்பகுதியும் படம் முழுவதும் ஃபிளாரிடாவில், ஆர்லாண்டோ நகருக்கு வடமேற்கே உள்ள 'தி வில்லேஜஸ்' என்னும் ஊரில் நடக்கின்றன. கிராமங்கள் என்று பெயர். கிராமம் எதுவும் கிடையாது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கென்றே கட்டிய ஊர் அது.

இரண்டுமே நல்ல காரியங்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டையும் முடித்தபின் எனக்கு ஒரு குறை மிஞ்சியது. அந்த ஊரில் மனிதர்கள் எப்படி ஆடுகிறார்கள், எப்படிக் குடிக்கிறார்கள், எப்படித் தனிமைப்படுகிறார்கள் என்றெல்லாம் தெரிகிறது. அங்கே போகிறவர் எந்தப் பேட்டையில், எந்த வீட்டை, என்ன நினைத்து எடுத்தார் என்பது மட்டும் சரியாகத் தெரியவில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு அதுதானே கதை? இருபத்தைந்து வயதில் வீடு பார்க்கிறவனுக்குப் பின்னால் மாற்றிக்கொள்ள அவகாசம் உண்டு. எழுபதில் வீடு பார்க்கிறவருக்கு அது அநேகமாகக் கடைசி வீடு. வீட்டைக் கட்டிப் பார் என்று நம்மவர்கள் சொன்னது இளம் வயதுக்காரனைப் பார்த்து. கட்டி முடித்து வர்ணம் அடித்து வரிசையாக நிற்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒன்றைக் கிழவனும் கிழவியுமாகப் பொறுக்கி எடுப்பது அதைவிடக் கஷ்டமான பரீட்சை.

இப்படி ஒரு ஊர் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1960-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அரிஸோனாவில் டெல் வெப் என்னும் கட்டட முதலாளி 'சன் சிட்டி'யைத் திறந்தார். முதல் மூன்று நாளில் லட்சம் பேர் பார்க்க வந்தார்களாம். கிழவர்கள் பிள்ளைகளை விட்டு வரமாட்டார்கள் என்று ஜோஸ்யம் சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஃபிளாரிடாவில் தபால் மூலம் மனை விற்றுக்கொண்டிருந்தவர் ஹெரால்ட் ஷ்வார்ட்ஸ். அந்த வியாபாரத்துக்குச் சட்டம் தடை போடவே, கையில் தங்கிப்போன நிலத்தில் நகர்த்தக்கூடிய மலிவு வீடுகளை வைத்து விற்றுப் பார்த்தார், மந்தமாக இருந்தது. 1983-இல் மகன் கேரி மோர்ஸை உடன் சேர்த்துக்கொண்டார். கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், கடைவீதி என்று போட்டுக் கொடுத்தபின் விஷயம் மாறிவிட்டது. 1992-இல் இப்போதைய பெயர் வந்தது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அந்த நாட்டிலேயே அதிவேகமாக வளர்ந்த பெருநகர்ப் பகுதி இதுதான் என்கிறது ஜனத்தொகைக் கணக்கு. பத்து வருஷத்தில் 39 சதவிகிதம். ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர்.

பிளெக்மனின் புஸ்தகம், அவருடைய அண்டை வீட்டுத் தம்பதி வீட்டை விற்றுவிட்டு அங்கே போகத் தீர்மானிப்பதில் தொடங்குகிறது. அருமையான தொடக்கம். வடக்கே குளிர்ப் பிரதேசத்துத் தெருவில் வேர்விட்டிருந்த இருவர் ஏன் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு ஆசிரியரும் பின்னோடு போகிறார். போன இடத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுகிறார். இரவெல்லாம் பெண் துணை தேடித் திரியும் ஒரு முதிய மைனருக்கு அவர் கொடுத்திருக்கும் பக்கங்கள் அதிகம். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தச் சபலம் தவிர்க்க முடியாதது போலிருக்கிறது. கிழவர் ஆசைப்பட்டால் நமக்குச் சிரிப்பு வரும் என்பதில் அவர்களுக்கு அசையாத நம்பிக்கை.

அவர் எழுதியவற்றில் உறுதியான பகுதி, அந்த ஊரை ஆள்வது யார் என்பது. 1980-இல் ஃபிளாரிடாவில் ஒரு சட்டம் வந்தது. நிலத்தை அபிவிருத்தி செய்கிறவர்கள் அங்கே ஒரு 'மாவட்டம்' ஏற்படுத்தி, அதன் பெயரில் கடன் பத்திரம் விற்று, சாலையும் சாக்கடையும் போடலாம். குடியிருப்பு மாவட்டங்களின் நிர்வாக சபைகள் சில வருஷங்களில் குடியிருப்பவர்களின் வாக்குக்கு வந்துவிடுகின்றன. கடைவீதிகள் அடங்கிய மத்திய மாவட்டங்களிலோ நிலம் யாருடையதோ அவருக்கே ஓட்டு. அங்கே நிலம் கம்பெனியைச் சார்ந்தவர்களுடையது. ஊர்ப் பத்திரிகையும் வானொலி நிலையமும்கூட அதே குடும்பத்துக் கம்பெனியைச் சேர்ந்தவை. புஸ்தகம் வெளியான அதே 2008-இல் மத்திய அரசின் வரி இலாகா அந்த மத்திய மாவட்டத்தின் கடன் பத்திரங்களை விசாரிக்கத் தொடங்கியது. அது அரசாங்கப் பிரிவு என்று கருதத்தக்கதல்ல என்று 2013-இல் அபிப்பிராயம் சொல்லி, 2016-இல் பத்திரங்களின் வரிச் சலுகையில் கை வைக்காமலே விசாரணையை முடித்துக்கொண்டது. பிளெக்மன் சந்தேகப்பட்டது வெறும் சந்தேகம் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இதே கடன் பத்திரத்தை வீடு பார்க்கிறவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். சாலைக்கும் குழாய்க்கும் ஆன செலவில் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் ஒரு பங்கு விழுகிறது. அதை அங்கே 'பாண்டு' என்கிறார்கள். வருஷா வருஷம் வரிச்சீட்டோடு வரும். முப்பது வருஷம் ஓடும். அது மனிதனோடு ஒட்டியதல்ல, வீட்டோடு ஒட்டியது. தெற்கே புதிதாக எழும் பேட்டைகளில் வீட்டு விலைக்கு மேல் இந்தப் பாண்டு முழுசாக நிற்கிறது. வடக்கே பழைய வீடுகளில் முன்னாலிருந்தவர்கள் அதைக் கட்டித் தீர்த்திருக்கக் கூடும். ஆனால் கூரையும் குளிர்சாதன யந்திரமும் வயதாகியிருக்கும். எழுபது வயதுத் தம்பதி சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு முப்பது வருஷக் கடனைப் பற்றிப் பேசுகிறார்கள். "கட்டி முடிக்கிற வரைக்கும் இருப்போமா?" என்று இருவரில் ஒருவர் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்டார், மற்றவர் என்ன பதில் சொன்னார் என்பது ஆசிரியர் காதில் விழவில்லை. அவர் கம்பெனியின் கணக்கைப் பார்த்தார். மேஜையில் நடந்த கணக்கைப் பார்க்கவில்லை.

படத்துக்கு வருகிறேன். ஓபன்ஹைம் இதை எடுத்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். அந்த வயதில் இவ்வளவு நிதானம் அபூர்வம். சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் பழைய காலத்துச் சட்டத்துக்குள் வெளிர் நிற வீடுகளையும் நீச்சல் குளங்களையும் பொம்மைப் பெட்டி மாதிரி அடக்கிக் காட்டுகிறார். ஒரு அறையில் பெண்கள் கூடி ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள்; எல்லோருக்கும் ஈலேன் என்றே பெயர். ஒரே பெயர் கொண்டவர்களுக்காக ஒரு சங்கம்! சிரிக்கிறோம்; சிரித்தபின் லேசாக ஒரு பயம் வருகிறது. இந்த இரட்டை உணர்ச்சியைக் கொண்டுவருவது சாமானியமல்ல.

படத்தில் முக்கியமாக நால்வர். நாற்பத்தேழு வருஷம் மணவாழ்க்கை நடத்திய ஒரு ஜோடி. அதில் கணவர் போதைப் பொருள் வழக்கில் மாட்டிக்கொள்கிறார். வேனிலேயே குடியிருந்துகொண்டு, வசதியுள்ள பெண் ஒருத்தி கிடைப்பாளா என்று குளத்தங்கரைகளில் காத்திருக்கும் எண்பது தாண்டிய ஒரு மனிதர். பாஸ்டனிலிருந்து கணவரோடு வந்து குடியேறி, வந்த இடத்தில் கணவரை இழந்து, சேமிப்பும் கரைந்து, முழுநேர வேலை பார்க்கும் ஒரு அம்மாள். ஊரே விளையாடிக்கொண்டிருக்க, இந்த அம்மாள் மட்டும் வேலைக்குப் போய் வருகிறாள். படத்தின் உயிர் இவளிடந்தான் இருக்கிறது.

அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் என் குறை எனக்கே தெளிவாகப் புலப்பட்டது. அவளுடைய வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டு பேர்; இருக்கிறது ஒருத்தி. அங்கே விற்கிற வீடுகளும் விளம்பரங்களும் இருவரைக் கருதியவை. இரண்டு பேரும் கார் ஓட்டுவார்கள், இரண்டு பேரும் ஆடுவார்கள், இரண்டு பேர் ஓய்வூதியமும் வரும் என்பதே எழுதாத நிபந்தனை. ஆனால் இருவரில் ஒருவர் முந்திப் போகத்தான் போகிறார். அங்கே வீடு பார்க்கிறவர்கள் உண்மையில் பார்க்க வேண்டியது மிஞ்சி இருக்கப்போகிறவருக்கான வீட்டை. அதை வாய்விட்டுச் சொல்ல எந்தத் தம்பதிக்கும் நா எழாது. ஆகவே கோல்ஃப் மைதானம் தெரிகிற ஜன்னலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஜன்னலுக்குக் கூடுதல் விலை உண்டு. பின்னால் நாள்முழுதும் பந்தடிக்கிறவர்கள் போய்வருவார்கள் என்பதும் உண்டு. வீட்டு வகைகளுக்கும் குறைவில்லை: சுற்றுச்சுவருக்குள் அடங்கிய சிறிய 'கோர்ட்யார்ட் வில்லா', அதைவிடச் சிறிய 'பேஷியோ வில்லா', பெரிய புல்வெளியோடு கூடிய 'டிஸைனர்' வீடுகள். புல்வெளி என்றால் அதை யார் வெட்டுவது என்ற கேள்வி வரும். முற்றத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று பத்திரத்திலேயே விதிகள் இருக்கின்றன. அவையும் பகுதிக்குப் பகுதி வேறுபடும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பாதை. ஊர் முழுக்க நூறு மைலுக்கு மேல் கோல்ஃப் வண்டிப் பாதைகள் ஓடுகின்றன. பெரிய சாலைகளைக் கடக்கச் சுரங்க வழிகளும் பாலங்களும் இருக்கின்றன. படத்தில் இந்த வண்டிகள் வேடிக்கைக்கு வருகின்றன. அணிவகுத்து வட்டமடித்துக் காட்டுகிறார்கள். ஆனால் ஃபிளாரிடாச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பியவர் இந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் வேண்டியதில்லை. படம் ஒட்டிய அரசாங்க அடையாளச் சீட்டு இருந்தால் போதும். கண் மங்கிக் கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தவர் இன்னும் சில வருஷம் மளிகைக் கடைக்கும் வைத்தியரிடமும் தாமாகவே போய்வரலாம், வீடு சரியான பாதையில் இருந்தால். அந்த வண்டிகளின் வேகத்தில் ஊரின் வட கோடியிலிருந்து தென் கோடிக்குப் போக ஒரு மணிக்கும் மேலாகும். ஆகவே எந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் என்பது சங்கீத ரசனை சம்பந்தப்பட்ட கேள்வியல்ல. ஸ்பானிஷ் ஸ்பிரிங்ஸ், லேக் சம்டர் லாண்டிங், பிரௌன்வுட் என்று சதுக்கங்கள். மாலையானால் பாட்டும் ஆட்டமும். சதுக்கத்துக் கட்டடங்களில் இல்லாத சரித்திரத்தை எழுதிப் பலகை மாட்டியிருப்பதை எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஸ்தல புராணம் இல்லாத ஊர் நமக்கும்தான் பிடிப்பதில்லை. அவர்களுக்கு நூறு வருஷம் காத்திருக்க நேரமில்லை, உடனே எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் அந்த ஊரின் நிஜமான சதுக்கம் தபால் பெட்டிச் சுவர். பேட்டைக்கொரு இடத்தில் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை, அவரவர் போய் எடுத்துவர வேண்டும். நான்கு நாள் ஒருவர் வராவிட்டால் யாருக்காவது தெரியும். அந்தச் சுவர் நடக்கிற தூரத்தில் உள்ளதா, வண்டி எடுத்தால்தான் ஆகுமா என்பதைப் பார்த்துத்தான் நான் வீட்டைத் தீர்மானிப்பேன். கோயம்புத்தூர்ப் பக்கம் இருபது வருஷமாக எழுந்துவரும் முதியோர் குடியிருப்புகளில் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு உள்ள ஸ்தானம் இது. அங்கேயும் வீட்டின் சதுர அடியை விசாரிக்கிறவர்கள் அதிகம். கூடத்துக்கு எத்தனை படி என்று விசாரிக்கிறவர்கள் குறைவு.

இன்னொன்று. வில்லேஜஸ் சுறுசுறுப்பான முதுமைக்கு என்று கட்டிய ஊர். குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும் என்ற நிலை வந்தால் அந்த வீட்டிலிருந்தே பெயர்ந்து, வேறு ஸ்தாபனம் நடத்தும் பராமரிப்பு விடுதிக்குப் போக நேரும். கடைசி வீடு என்று எண்ணி எடுத்தது கடைசிக்கு முந்தியதாகிவிடும். பிளெக்மன் இதைக் கண்டுகொண்டு, வயதுப்படி மனிதர்களைப் பிரித்துவைப்பதன் விளைவு என்கிறார். பள்ளிக்கூட வரியைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்த சன் சிட்டி வாசிகளைச் சாட்சிக்கு அழைக்கிறார். வாதம் நியாயமானதே. ஆனால் குழந்தைகள் நிறைந்த தெருவிலும் முதியவர் தனியாகத்தான் விழுகிறார் என்பதை அவர் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். அங்கே போகிறவர்கள் ஏமாந்தவர்கள் என்ற எண்ணம் புஸ்தகத்தின் அடியில் ஓடுகிறது. அவர்கள் ஏமாறவில்லை. சிலது கிடைக்காது என்று தெரிந்து, சிலதற்காகப் போகிறார்கள்.

அந்த ஊரில் வீடுகள் அடிக்கடி கைமாறுகின்றன, காரணம் ஊகிக்கக்கூடியது. முன்னாலிருந்தவர் குளியலறையில் பதித்த கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் வீடு பார்க்க வந்தவர். அதைக் கழற்றிவிடச் சொல்வதா, இருக்கட்டும் என்பதா? ஒரு நாவலின் முதல் அத்தியாயத்துக்கு இது போதும். புஸ்தகம் எழுதியவரும் படம் எடுத்தவரும் வெளியூர்க்காரர்கள், வயதில் இளையவர்கள். அந்த ஊரின் ஆயிரக்கணக்கான சங்கங்களில் எழுத்தாளர் சங்கமும் ஒன்று என்று அறிகிறேன். அதில் யாராவது தாங்கள் வீடு பார்த்த கதையை எழுதிக்கொண்டிருந்தால் நான் வாங்கிப் படிப்பேன்.