நரம்பியல் மொழியியல் நிரலாக்கத்தில் மேல்நிலைத் திறன்: மெட்டா மாதிரி குறித்த மொழியியல் மதிப்பீடு

முன்னுரை

நரம்பியல் மொழியியல் நிரலாக்கம் (என்.எல்.பி.) என்னும் பயிற்சிமுறை 1970களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் உருவானது. அங்கு மாணவராக இருந்த ரிச்சர்ட் பேண்ட்லரும் மொழியியல் கற்பித்த ஜான் கிரிண்டரும் பிரிட்ஸ் பேர்ல்ஸ், வர்ஜீனியா சட்டிர், மில்டன் எரிக்சன் ஆகிய உளச்சிகிச்சையாளர்களின் பேச்சுமுறையை ஆராய்ந்து இதனை வகுத்தனர். இன்று தொடக்கநிலை, மேல்நிலை எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டுச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. மேல்நிலைத் திறன் எனப்படுவது பெரிதும் மொழித்திறனே. ஆகவே, ‘மொழியியல்’ என்னும் பெயருக்கு இம்முறை எவ்வளவு தகுதியுடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மெட்டா மாதிரியும் மாற்றிலக்கணமும்

1975இல் வெளிவந்த ‘தி ஸ்ட்ரக்சர் ஆஃப் மேஜிக்’ என்னும் நூலில் இவ்விருவரும் மெட்டா மாதிரியை முன்வைத்தனர். அனுபவம் சொல்லாகும்போது நீக்கம், திரிபு, பொதுமையாக்கம் ஆகியன நிகழ்கின்றன. கேட்பவர் தக்க வினாக்களால் விடுபட்டதை மீட்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கான கருத்தாக்கங்கள் சாம்ஸ்கியின் மாற்றிலக்கணத்திலிருந்து பெறப்பட்டவை.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. சாம்ஸ்கி 1965இல் விளக்கிய புதைநிலை அமைப்பு வாக்கியத்தின் தொடரியல் வடிவத்தைக் குறிப்பது. மீட்டுணரத்தக்க சொல்லையே இலக்கண விதி நீக்கும். ஆதலால் அந்நீக்கத்தால் பொருள் இழக்கப்படுவதில்லை. மெட்டா மாதிரி அனுபவத்தையும் புதைநிலையையும் பெயரளவில் வேறுபடுத்தினும், அதே மூன்று செயல்களை இரண்டிற்கும் பொருத்துகிறது. இதனால் இலக்கணம் அனுமதிக்கும் நீக்கமும் மனம் மறைக்கும் செய்தியும் ஒன்றெனத் தோன்றுகின்றன. சாம்ஸ்கியே 1990களில் புதைநிலைக் கருத்தாக்கத்தைக் கைவிட்டார். பயிற்சிமுறையோ அதன்மேல் எழுந்த வினாப்பட்டியலை இன்றும் கற்பிக்கிறது.

தமிழ்த்தொடர்கள் காட்டும் உண்மை

ஆங்கிலத் தொடரமைப்பைக் கொண்டு வகுக்கப்பட்ட இவ்வினாக்களைத் தமிழில் கேட்கும்போது மேற்கண்ட குழப்பம் வெளிப்படையாகிறது. ‘பயமாக இருக்கிறது’ என்று ஒருவர் கூறினால் ‘யாருக்கு?’ எனக் கேட்பது பொருந்தாது. விடுபட்ட ‘எனக்கு’ என்பதைச் சூழலே தந்துவிடுகிறது. தொல்காப்பிய எச்சவியல் பத்து வகை எச்சங்களைக் கூறுகிறது. அவற்றுள் குறிப்பெச்சம், இசையெச்சம் போன்றவை, சொல்லாது எஞ்சியதைக் கேட்பவர் உணர்ந்து நிரப்பிக்கொள்வதை மொழியின் இயல்பாகவே கொள்கின்றன.

பெயராக்கமும் இத்தகையதே. செயலைப் பெயர்ச்சொல்லாக உறையவைப்பது திரிபு என்பது மெட்டா மாதிரியின் கொள்கை. ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்னும் தொடரில் கோபம் எழுவாயாகவும், கோபமுறுபவர் நான்காம் வேற்றுமையிலும் நிற்கின்றனர். இது உணர்வைக் கூறும் இயல்பான தமிழ் அமைப்பு. இதனைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சென்று கொள்வது பேசுபவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

பயன்தரும் கூறும் உண்டு. ‘எல்லாரும் என்னை வெறுக்கிறார்கள்’ என்பவரிடம் ‘எல்லாருமா?’ என ஆகார வினா ஒன்றை எழுப்பினால் அவர் தம் கூற்றைத் தாமே மறுபரிசீலனை செய்யக்கூடும். ஆயினும், அதே வினா குரல் மாறினால் ஏளனமாகிவிடும். மூத்தவரிடம் கேட்டால் மரியாதைக் குறைவாகவும் படலாம்.

மேல்நிலைத் திறனின் முரண்

எரிக்சனின் பேச்சிலிருந்து வகுக்கப்பட்ட மில்டன் மாதிரி, தெளிவின்மையை வேண்டுமென்றே கையாளப் பயிற்றுகிறது. மெட்டா மாதிரி குறையெனச் சுட்டிய நீக்கமும் பொதுமையாக்கமும் இங்குக் கருவிகளாகின்றன. ஒரே தொடரமைப்பு ஓரிடத்தில் குறையாகவும் பிறிதோரிடத்தில் திறனாகவும் ஆகுமெனில், மதிப்பு வாக்கிய வடிவில் இல்லை, சூழலில் உள்ளது. எங்கே வினவுவது, எங்கே அமைதி காப்பது என அறியும் சூழலுணர்வே மேல்நிலைத் திறன். அதனை வினாப்பட்டியலை மனப்பாடம் செய்து பெற இயலாது.

சான்றுகளின் நிலை

ஆய்வுச் சான்றுகளும் ஊக்கமளிப்பனவாக இல்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக்குழு 1988இல் வெளியிட்ட அறிக்கை இம்முறையின் கோட்பாட்டிற்குப் போதிய ஆதாரம் காணவில்லை. கண்ணசைவைக் கொண்டு பொய்யைக் கண்டறியலாம் என்னும் கூற்றை ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் 2012இல் வெளியிட்ட மூன்று ஆய்வுகளும் ஆதரிக்கவில்லை. அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் வெளிவந்த முறைசார் மதிப்பாய்வு, உடல்நலப் பயன்களுக்கான சான்று மிகக் குறைவு என்றது. இந்நிலையில் மனத்துயருற்ற மாணவரைச் சான்றிதழ் மட்டுமே பெற்ற பயிற்சியாளரிடம் ஒப்படைப்பது, உரிய சிகிச்சை கிடைப்பதைத் தாமதப்படுத்தும்.

முடிவுரை

கவனமாகக் கேட்டலும், மிகைக்கூற்றை மென்மையாக வினவுதலும் இம்முறையில் கொள்ளத்தக்கவை. அவற்றிற்கு மூளையை நிரலாக்கும் கோட்பாடு தேவையில்லை. தமிழில் இதனைப் பயிற்றுவோர் ஆங்கில வினாக்களை மொழிபெயர்ப்பதை விடுத்து, எச்சம், வேற்றுமை, வினா இடைச்சொல் ஆகியன தமிழ்ப்பேச்சில் செயல்படும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரிகள் இத்தகைய பயிற்சிகளுக்கு இடமளிக்குமுன் மொழியியல், உளவியல் ஆகிய இருதுறை ஆசிரியர்களின் மதிப்பீட்டையும் பெறுதல் நன்று.