மங்கிய பொத்தானின் மௌனம்: இணையப் படிவங்களும் தமிழ்ப் பெயர்களும்

இணையப் படிவத்தின் அடியில் அமையும் ‘அனுப்பு’ பொத்தான், எல்லாப் பெட்டிகளும் முறையாக நிரம்பும்வரை மங்கிக் கிடப்பது இன்று பரவலான வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒவ்வொரு பெட்டியையும் சோதித்து, நிறைவு கண்ட பின்னரே பொத்தானை இயங்கவிடுகிறது. பிழையான படிவம் வழங்கிக்குச் சென்று திரும்பும் அலைச்சலைத் தவிர்ப்பது, 1995இல் தோன்றிய அம்மொழியின் தொடக்ககாலப் பயன்களுள் ஒன்று. நோக்கம் நன்று. ஆயின் மங்கிய பொத்தான் ‘இல்லை’ என்கிறதே அன்றி, ‘ஏன்’ என்று சொல்வதில்லை.

இம்மௌனத்தின் விலையைப் புலம்பெயர் தமிழர் நன்கறிவர். தந்தை பெயரின் முதலெழுத்தோடு தம் பெயரை எழுதுபவருக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. கட்டாயப் பெட்டியோ அதைக் கேட்கிறது. ‘குறைந்தது இரண்டு எழுத்து’ என்னும் விதியும் உடன் இருந்தால் விந்தை மிகும்: ‘க’ என்ற முதலெழுத்தை நிரல் மறுக்கும், ‘கு’ என்பதை ஏற்கும். இரண்டும் தமிழுக்கு ஓரெழுத்தே. யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் உகரக்குறி தனிக் குறியீடாதலின், ஜாவாஸ்கிரிப்ட் ‘கு’வை இரண்டென எண்ணுகிறது, ‘தமிழ்’ அதற்கு ஐந்து.

ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் சோதனையின் குறை வெளிப்படை. எம்மொழி எழுத்தையும் ஏற்பதாக எண்ணி, யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதிக்கும் சோதனை அதனினும் நுட்பமாக ஏமாற்றும். புள்ளியும் உயிர்க்குறிகளும் அங்கே ‘குறி’ வகையைச் சேர்ந்தவை. எனவே ‘கண்ணன்’, ‘கமலா’ இரண்டுமே தகாத பெயர்களாகின்றன! குறி வகையையும் சேர்த்து ஏற்பது ஒரு சிறு திருத்தமே. பொத்தான் ஒளிரவேண்டும் என்பதற்காகத் தம் பெயரையே இருமுறை எழுதுவோரும் ஒரு புள்ளியை இட்டு நகர்வோரும் உளர். அவ்வாறு இட்டது பின்னர் ஆவணத்தில் பெயராகவே நிலைத்துவிடக்கூடும்.

இயக்கம் நீக்கப்பட்ட பொத்தானுக்கு விசைப்பலகையின் தாவல் விசையால் செல்லவும் இயலாது. திரைவாசிப்பான் கொண்டு படிவம் நிரப்பும் பார்வையற்றவர், அப்படியொரு பொத்தான் இருப்பதையே அறியாது போகலாம். ஆகவே பொத்தானை எப்போதும் அழுத்தத்தக்கதாக விடுவதே தக்கது. அழுத்திய பின் சோதனை நிகழட்டும். குறையுள்ள முதற்பெட்டிக்குச் சுட்டி செல்லட்டும். குறை இன்னதென்று அதனருகே எழுத்தில் தோன்றட்டும். உலாவி தானாகக் காட்டும் பிழைச்செய்தி பெரும்பாலும் உலாவியின் மொழியிலேயே வரும். தமிழ்ப் படிவமாயின் செய்தியை வடிவமைப்பாளரே தமிழில் எழுதித் தருதல் வேண்டும். பொத்தானை முடக்கத்தக்க தருணம் ஒன்று உண்டு: படிவம் சென்றுகொண்டிருக்கும் இடைவெளி. இருமுறை அழுத்திக் கட்டணம் இருமுறை செலுத்துவதை அது ஓரளவு தடுக்கும். அப்போதும் ‘அனுப்பப்படுகிறது’ என்று பொத்தான் சொல்லவேண்டும். இணைப்பு அறுந்தால் மீண்டும் இயங்கவேண்டும்.

பொத்தானின் பெயர் குறித்தும் ஒரு சொல். பலரும் இடும் ‘சமர்ப்பி’ என்பதில் பணிந்து படைக்கும் தொனி உண்டு. கட்டணம் செலுத்துபவருக்கு அது எதற்கு? ‘அனுப்பு’ என்பதை மரியாதைக் குறைவென்று கருதி ‘அனுப்பவும்’ என மாற்றுவோர், பேசுபவர் யாரென்பதை மறந்துவிடுகின்றனர். பொத்தானில் மனிதர் பொறியை ஏவுகிறார். அங்கே ‘அனுப்பு’ பொருந்தும். பிழைச்செய்தியில் பொறி மனிதரிடம் பேசுகிறது. அங்கேதான் ‘எழுதுங்கள்’ வேண்டும்.