எது கொச்சை?

தஞ்சாவூர்க் கதைகளில் கொச்சை மிகுதி என்பது பழைய புகார். எது கொச்சை? குறுவை அறுத்த வயலிலேயே மறுபோகம் நடுவதைத் தாளடி என்பார்கள் காவிரிக்கரை விவசாயிகள். அறுத்த தாளின் அடியில் அடுத்த பயிர். பண்டிதர் எவரும் ஆக்கித் தந்த சொல்லல்ல. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொல் நான்கு என்று வகுத்தபோது திசைச்சொல்லையும் சேர்த்தே எண்ணினார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக அகராதியும் வட்டார வழக்குகளை ஒதுக்கவில்லை. செய்யுளுக்கு ஆகும் சொல் நாவலுக்கு ஆகாதா?

பேச்சு நடைக்கும் இதே நியாயம்தான். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் வரும் கும்பகோணத்துப் பேச்சை இலக்கணப்படி திருத்திப் பாருங்கள். பொருள் நிற்கும், ஆட்கள் போய்விடுவார்கள். காதால் கேளாமல், வாசகரைச் சிரிக்கவைக்க எழுத்தாளன் சிதைத்துப்போடும் சொல் ஒன்றுதான் எனக்குக் கொச்சை.